தகப்பன் பெயருக்கு முன்னால்

"வாப்பா மவுத்தானதுக்கு விதானையார்ட துண்டு இருக்கா? இல்லாட்டி ஓட ஏலா."

மசூர் தலையை நிமிர்த்தாமலே, தகப்பன் இறந்ததற்கு ஊர்த் தலைவர் எழுதித் தரும் துண்டைக் கேட்டார்.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு. கல்முனைக் கடற்கரை மைதானத்தில் அன்று எத்தீம் பிள்ளைகளுக்கு, அதாவது தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு, விளையாட்டுப் போட்டி. பெயர் பதிகிற வேலையை மசூர் தானாகவே கேட்டு வாங்கியிருந்தார். அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். சும்மா செய்கிற வேலையிலும் அந்தக் கந்தோர்ப் புத்தி போகவில்லையே என்று பக்கத்திலிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

மேசைக்கு முன்னால் பன்னிரண்டு வயது றஸாக். அவனுக்குப் பின்னால் உம்மா றாஹிலா.

"துண்டு இல்ல," என்றாள் றாஹிலா. "அவர் மவுத்தாகல்லியே. கடலுக்குப் போயிருக்கார். வந்திருவார்."

"அப்ப வாப்பா இருக்கிற புள்ளை. இஞ்ச இடமில்ல. அடுத்த ஆள்!"

றஸாக் நகரவில்லை. நானூற்று நாற்பது யார் ஓட்டத்தில் முதலாவதாக வருகிறவனுக்கு மட்டக்களப்பில் பள்ளிக்கூட விடுதியில் இடம். சாப்பாடு, புத்தகம், உடுப்பு எல்லாம் இனாம். கடற்கரையில் அவனை ஓடிப் பிடித்தவன் கிடையாது. இதை விட்டால் அவனும் நாளைக்குத் தோணி ஏற வேண்டியதுதான்.

காரைதீவிலிருந்து ஓட்டம் தொடக்கி வைக்க வந்திருந்த புண்ணியமூர்த்தி மாஸ்டர் கழுத்தில் விசிலோடு ஓடி வந்தார்.

"என்ன மசூர் இது? மாரியில போன தோணி. நாலு மாசமாகுது. கூடப் போன மூணு பேரும் ஒலுவில் கரையில மையித்தா ஒதுங்கிட்டாங்க. இவன்ட வாப்பா ஆதம்பாவா மட்டும் எங்க இருக்கப் போறார்?"

"ஆதம்பாவாட மையித்த நீங்க கண்டீங்களா, மாஸ்டர்?"

"காணல்ல."

"அப்ப பேசாம இருங்க."

மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உதவி செய்யத்தானே நாம வந்த? ஒரு துண்டுக் கடதாசிக்காக இவன்ட வாழ்க்கையைக் கெடுக்கிறீங்களே, நீங்க மனிசனா?"

சனம் கூடிவிட்டது. "இவர்ட ஊட்டுப் புள்ளையெண்டா இப்பிடிச் செய்வாரா?" என்று யாரோ உரக்கவே கேட்டார்கள்.

றஸாக்கால் பொறுக்க முடியவில்லை. மேசையில் சாய்ந்து, அண்ணனைக் கெஞ்சுவது போல மசூரிடம், "எழுதுங்க காக்கா," என்றான். "எங்கட வாப்பா மவுத்..."

"வாய மூடுடா!"

மசூர் மேசையில் அடித்த அடியில் மைப்போத்தல் கவிழ்ந்தது. பையன் விக்கி விக்கி அழத் தொடங்கினான். அந்த மைதானத்தில் அப்போது மசூருக்கு ஒரு சொட்டு மரியாதை மிஞ்சியிருக்கவில்லை.

போட்டியை நடத்துகிற சீனிமுகம்மது ஹாஜியார் சத்தம் கேட்டு வந்தார். விசயத்தைக் கேட்டார்.

"ஊருக்கே தெரிஞ்சதுதானே. எத்தீம் எண்டு பதியுங்க. இவளும் எத்தின நாளைக்கு இத்தா இருக்காமத் திரியிற? இண்டைக்குப் பேர் பதிஞ்சா, பொழுதுபடப் பொம்புளையள அனுப்பி, வெள்ளை உடுத்தி ஊட்டுக்குள்ள இருத்திப் போடலாம்."

புருசனை இழந்தவள் இருக்க வேண்டிய இருப்பு அது. ஹாஜியார் அதைச் சந்தைக் கதை போலச் சொல்லி முடித்தார்.

றாஹிலாவின் கை மகனின் தோளை இறுக்கிப் பிடித்தது. அவனை இழுத்துக்கொண்டு போய்விடலாம். அவள் ஓட்டப் பாதையைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டு பெண்கள் பக்கம் போய் நின்றாள்.

மசூர் பேனாவை எடுத்தார். ஏதோ எழுதினார். புத்தகத்தை மூடி மாஸ்டரிடம் தள்ளிவிட்டார்.

"கூப்பிடுங்க."

ஓடுகிற ஒவ்வொருவனையும் தகப்பன் பெயரோடு தகரக் குழலில் கூப்பிடுவதுதான் வழக்கம். காலஞ்சென்றவர் என்பதற்காகப் பெயருக்கு முன்னால் ஒரு மர்ஹூம்.

"மர்ஹூம் மீராலெப்பை மகன் சம்சுதீன்!"

"மர்ஹூம் அலியார் மகன் புகாரி!"

ஒவ்வொரு பெயருக்கும் கயிற்றுக்கு அப்பால் ஒரு தாய் கண்ணைத் துடைத்தாள். றாஹிலா கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். இனி அவளுடைய முறை.

மாஸ்டர் வாயைத் திறந்துவிட்டார். அப்போதுதான் கண் புத்தகத்தில் விழுந்தது. தகப்பன் இறந்த திகதி என்ற இடத்தில் ஒரு கோடு. பொறுப்பாளர் என்ற இடத்தில், "தகப்பன் கடலிலிருந்து வரும்வரை நான்" என்று எழுதி, கீழே மசூரின் கையெழுத்து.

மாஸ்டர் குழலை வாயோடு சேர்த்துப் பிடித்தார்.

"ஆதம்பாவா மகன் றஸாக்!"

றாஹிலா கயிற்றை விட்டாள். ஹாஜியார் எதையோ சொல்ல எழும்பினார். அதற்குள் மாஸ்டர் விசிலை ஊதிவிட்டார்.

றஸாக் ஓடவில்லை, பறந்தான். இரண்டாவதாக வந்தவன் பத்து முழம் பின்னால்.

கொட்டிய மையைத் துடைத்துக்கொண்டிருந்த மசூரிடம் மாஸ்டர் வந்தார். வெட்கமாக இருந்தது.

"மன்னிக்கணும் தம்பி. இத முதல்லயே எழுதியிருக்கலாமே?"

"முதல்ல இந்த வழி தோணல்ல மாஸ்டர். பேர் விழுந்தா நீங்க குழலில மர்ஹூம் எண்டு கூப்பிடுவீங்க. அதுக்குப் பயந்து துரத்தத்தான் பார்த்தன்."

"அப்ப ஆதம்பாவா வருவார் எண்டு நீங்களும் நம்புறீங்க?"

மசூர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இல்ல மாஸ்டர், அவர் மவுத்துத்தான். ஆனா அத அவ பெத்த புள்ளைட வாயால கேக்கக் கூடாது."