கறுத்த சீசா

பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் கிருபாவதியை வெயிலில் நிறுத்தியிருந்தார்கள்.

இருந்த நிழல் ஊர்க்காரர்களுக்கே போதவில்லை. அவள் மார்போடு அணைத்திருந்த கம்பளிச் சுருட்டுக்குள் இரண்டு சீசாக்கள். ஒன்றில் 'ஊர்' என்றும் மற்றதில் 'காலனி' என்றும் சீட்டு ஒட்டியிருந்தது.

"இன்னாடி, கைப்புள்ளைய தூக்கிக்கினு நிக்கிற மாதிரி நிக்கிற? பிரிச்சிக் காட்டு."

கேட்டவர் எத்திராஜ். ஊரில் பெரிய கை. அவர் பேரன் வாந்தியும் பேதியுமாகப் புத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஊருக்குள் இன்னும் பல குழந்தைகளுக்கு அதே கதி.

யார் காரணம் என்று கண்டுபிடிக்க ஊருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. ஊர்க் கிணறு சுத்தமாம்; காலனிக் கிணற்றின் அழுக்குதான் ஈயில் ஏறி ஊருக்குள் வந்துவிட்டதாம். கல்லைப் போட்டு மூடிவிட வேண்டியதுதான் என்று பேசி முடித்துவிட்டார்கள். காலனிக்கு இருந்தது அந்த ஒரு கிணறு.

சுகாதார இன்ஸ்பெக்டர்தான் குறுக்கே விழுந்து, இரண்டு கிணற்றையும் சோதித்துப் பார்த்துவிட்டு மூடுங்கள் என்றார்.

சோதிக்கத் தெரிந்தவள் கிருபாவதி. கிராமத்துப் பிள்ளைகளுக்கென்று சித்தூரில் அறிவியல் முகாம் ஒன்று நடத்தினார்கள். ஊரிலிருந்து போன பையன்கள் பாதியிலேயே சினிமா பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். இவள் கடைசிவரை உட்கார்ந்து, கையால் செய்து கற்றுக்கொண்டு, மருந்து ஏற்றிய காகிதம் போட்ட சீசாக்களோடு திரும்பி வந்தாள். அதில் தண்ணீரைப் பிடித்து ராத்திரி முழுவதும் கதகதப்பாக வைத்தால் போதும். மலம் கலந்த தண்ணீர் கறுத்துவிடும். நல்ல தண்ணீர் கறுக்காது.

சோதனை சுலபம். அதற்கப்புறம்தான் வம்பே.

காலனித் தண்ணீர் கறுத்தால் கிணற்றை மூடுவார்கள். கறுக்காவிட்டால் பிடுங்கிக்கொள்வார்கள். முந்திய பஞ்சத்தில் காலனியில் சர்க்கார் போட்ட கைபம்பில் தண்ணீர் இனிக்கிறது என்று தெரிந்ததுமே, ஊர் வந்து அதைச் சுற்றி வேலி கட்டிக்கொண்டது. இன்றுவரை காலனிக்காரர்கள் அதில் கை வைத்ததில்லை. முன்னே போனால் கடிக்கும், பின்னே போனால் உதைக்கும் என்பார்களே, அப்படிப்பட்ட ஊர்.

கம்பளியைப் பிரித்தாள். முதலில் காலனிச் சீசாவைத் தூக்கிக் காட்டினாள்.

மை போலக் கறுத்திருந்தது.

"மூட்ரா அந்தக் கெணத்த! சீசாவே சொல்லிட்ச்சி!" என்று ஒருவன் கத்தினான். இன்னொருவன் விசில் அடித்தான்.

எத்திராஜ் எழுந்து இன்ஸ்பெக்டரிடம் தெலுங்கில், சீசா பொய் சொல்லாதல்லவா என்று கேட்டார். சொல்லாது என்றார் அவர். எத்திராஜ் அதையே கூட்டத்தைப் பார்த்துத் தமிழில் உரக்கச் சொன்னார்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அவள் அப்பா அசரியாவின் முகத்தில் ஈயாடவில்லை.

அப்போதுதான் அவள் ஊர்ச் சீசாவை எடுத்தாள்.

அதுவும் கறுத்திருந்தது.

விசில் அடித்தவன் விரல் வாயிலேயே நின்றது. ஊர்க் கிணற்றுக்கு மட்டும் சீசா பொய் சொல்கிறது என்று சாதித்துப் பார்க்கலாம்தான். ஆனால் சொன்ன வாயின் ஈரம் இன்னும் காயவில்லையே! அந்தக் கிணற்றை மூடினால் இந்தக் கிணற்றையும் மூட வேண்டும். எத்திராஜ் அவள் காலடியில் காறித் துப்பிவிட்டு நடந்தார். இன்ஸ்பெக்டர் இரண்டு கிணற்றுக்கும் பிளீச்சிங் பவுடர் போட ஆளை அனுப்பினார்.

கிணறு தப்பியது. காலனிக்குள் நுழைந்ததும் அவளுக்கு வேறு பூசை காத்திருந்தது.

மலத்தண்ணி குடிக்கிற ஜனங்கள் என்று ஊர் இனி வாய்க்கு வாய் சொல்லும். அதற்கு வழி செய்து கொடுத்தவள் இவள்தானே? கிணற்றடிச் சண்டைக்கும் வாய் திறக்காத பெண்கள்கூட அவளைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினார்கள். அசரியா வீட்டு வாசலில் மறித்தார். சர்ச்சில் மூப்பர். பெற்ற பிள்ளைமேல் அதுவரை கை வைத்திராதவர், கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

"நம்ம தண்ணிய நீயே காட்டிக் குடுத்துட்டியேடி! யூதாஸுகூட உங்கிட்டதான் பாடம் படிக்கணும்."

கன்னத்தைவிட மனசுதான் எரிந்தது. நைனா, அப்படி இல்லை என்று சொல்ல நாக்குத் துடித்தது. ஒருவருக்குச் சொன்னால் காலனிக்கே தெரியும். காலனிக்குத் தெரிந்தால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கும் தெரிந்துவிடும். அழுகையை விழுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

காலனித் தண்ணீரை அவள் முகாமிலிருந்து திரும்பிய அன்றே ரகசியமாகச் சோதித்துவிட்டாள். கறுக்கவே இல்லை.

இந்தத் தடவை அதை அவள் எந்தச் சீசாவிலும் பிடிக்கவில்லை. பிடித்தாளா என்று பார்க்க ஊரிலிருந்து யாரும் வரவுமில்லை. காலனிக்குள் கால் வைத்தால் தீட்டு; பிடுங்க வரும்போது மட்டும் தீட்டு இல்லை.

ஊர்க் கிணற்றுக்கு மட்டும் நேற்றுச் சாயங்காலம் போனாள். மேடை ஏறி இறைக்க அவளுக்கு உரிமை கிடையாது. எத்திராஜின் மருமகள் சந்திரம்மாதான் இறைத்து ஊற்றினாள். வாளி சீசாவில் பட்டுவிடாதபடி எட்ட நின்று, உயரத் தூக்கி, இந்த மூஞ்சியைப் பார்க்கவும் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றினாள்.

கொஞ்சம் குனிந்து பார்த்திருந்தால், கீழே உட்கார்ந்திருந்தவளின் இரண்டு கையிலும் சீசா இருந்தது தெரிந்திருக்கும்.