காட்டில் இருவர்

அகதி வழக்கு தள்ளுபடியான நாளிலிருந்து தயாபரனுக்குச் சோறு இறங்கவில்லை. மேன்முறையீட்டுக்கும் போக மாட்டேன் என்று படுத்துக் கிடந்தவனை, ஞாயிற்றுக்கிழமை இலவசம் என்று சொல்லி, மனைவி நிரோஜினிதான் பாரிசின் அந்த ஓவியக்கூடத்துக்கு இழுத்து வந்திருந்தாள். வந்த இடத்திலும் அவன் ஒரு காட்டின் முன்னால் நின்றுவிட்டான். யாரோ ஒரு பிரெஞ்சுக்காரர் நூற்றைம்பது வருடத்துக்கு முன் தீட்டிய படம். ஆளை விழுங்குகிற மரங்கள்; அடியில் கட்டைவிரல் அளவில் ஒருவனும் ஒருத்தியும். ஐரோப்பாவுக்குள் நுழைய அவனும் நிரோஜினியும் ஈரச் சப்பாத்தோடு நடந்த காடும் இப்படித்தான் இருந்தது.

“இதுகளும் வழி தெரியாமல் அலையுதுகள்,” என்றான்.

காவலாளி செருமுகிற அளவுக்கு அவள் படத்தை நெருங்கிப் பார்த்தாள். “இல்லையப்பா. அவளின்ர தலையைப் பாருங்கோ, விறகு. வழி தவறினவள் இவ்வளவு விறகைச் சுமப்பாளே? கிட்டடியில எங்கையோ அடுப்பு இருக்கு.”

அவனும் குனிந்து பார்த்தான். விறகுதான். மரங்களுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல் மேலே போனது. மேகமாகவும் இருக்கலாம். அவன் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

“பசிக்குது,” என்றான்.