பூட்டுப் போட்ட டேங்க்

"போன வாரம்தான் பெட்ரோல் பம்ப்பை மாத்தினே. இப்பவும் டேங்க் பாதி காலி. உன் வேலை லட்சணம் இதுதானா?"

மெக்கானிக் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். "குழாய், ஃபில்டர், டேங்க் எல்லாம் பார்த்தாச்சு சார். ஒரு சொட்டுக்கூட ஒழுகலை."

"அப்ப என் பெட்ரோலைப் பேய் குடிக்குதா?"

"யாராவது உறிஞ்சி எடுக்கறாங்களோ என்னவோ."

"மூடிக்குப் பூட்டுப் போட்டிருக்கேன். அந்தச் சாவி என் பாக்கெட்டை விட்டு இறங்காது."

ஓரமாக நின்ற கார்க்காரனின் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"வண்டியைப் பத்தி உனக்கென்ன தெரியும்? சும்மா இரு!" என்று சீறியவன், மெக்கானிக்கின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "நீதான் ஏதோ ஓட்டை போட்டிருக்கே. போலீசுக்குப் போறேன். கடையை இழுத்து மூட வைக்கறேன்."

"வண்டிச் சாவி எங்கே சார் இருக்கும்?"

"வீட்டு ஆணியில தொங்கும். நான் ஆபீஸ் பஸ்ல போயிடுவேன். வீட்டுல ஓட்டத் தெரிஞ்ச ஆளே கிடையாது."

"அவரை விடுங்க" என்றாள் மனைவி. கைப்பையிலிருந்து டிரைவிங் லைசென்ஸை எடுத்து பானெட் மேல் வைத்தாள். "நீங்க பஸ் ஏறினதும் நான்தான் எடுத்துட்டுப் போறேன்."

அவன் பிடி தளர்ந்தது. "எங்கே?"

"வக்கீல் ஆபீசுக்கு. ஊருக்கு அந்தக் கோடியில இருக்கு. அதான் பெட்ரோல் கொஞ்சம் அதிகமா குடிக்குது."