பெரிய டைல்ஸ்தான் வேணும்

"இந்த ஒரு டைல்ஸ்ல மட்டும் சத்தம் சரியில்ல. உள்ள காலியா இருக்கு. உடைச்சு எடுத்துட்டு வேற ஒட்டுங்க."

அவளுடைய அண்ணன் கையிலிருந்த நாணயத்தால் இன்னொரு தடவை தட்டிக் காட்டினார். மற்றதெல்லாம் கெட்டியாக ‘டிக்’ என்று சொல்ல, குழாய்க்கு எதிர்ச் சுவரில் இருந்த அந்த ஒன்று மட்டும் வெறும் டப்பா மாதிரி ‘டொப்’ என்றது. கட்டட மேற்பார்வை பார்க்கிறவர். தங்கை வீட்டுக் குளியலறை வேலை முடிந்தது என்று கேள்விப்பட்டால் தட்டிப் பார்க்காமல் போவாரா?

அவள் கதவோரம் நின்றிருந்தாள். அந்த டைல்ஸுக்குப் பின்னால் பசை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். வைக்க வேண்டாம் என்று டைல்ஸ்காரரிடம் கெஞ்சியதே அவள்தான்.

பழைய குளியலறையில் டைல்ஸ் மார்பளவுக்குத்தான் இருந்தது. அதற்கு மேலே வெறும் வெள்ளைச் சுவர். குளிக்கப் போன மகள் ஒருநாள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று, அந்தச் சுவரில் கலர் கிரேயானால் மூன்று பேரை வரைந்துவைத்தாள். அப்பாவின் மீசை காதைத் தாண்டிப் போயிருந்தது. அம்மாவுக்குக் கழுத்தே கிடையாது. நடுவில் மகள், இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு. அடுத்த மழைக்கு வந்த காய்ச்சல் மகளைக் கொண்டுபோய்விட்டது. சுவரில் இருந்தது மட்டும் மிச்சம்.

அதன்பிறகு கணவன் வாயிலிருந்து மகளின் பேரே வரவில்லை. திடீரென்று ஒருநாள் காலையில், குளியலறையை மாற்றிவிடலாம், மேலே கூரை வரைக்கும் டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்றான். பெற்ற மகளைத் துடைத்துப் போட இத்தனை அவசரமா என்று அவள் மனசு வெந்துபோனது.

கடையில் அவள் காட்டிய சின்ன டைல்ஸை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரிய டைல்ஸ்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். ஆள் உயரத்துக்குப் பாதிக்கு மேல் வரும் போர்சலின் டைல்ஸ். தூக்க இரண்டு ஆள் வேண்டும், வெட்டும்போது விரிசல் விட்டால் முழுசும் வீண் என்று கடைக்காரரே சொல்லிப் பார்த்தார். அவன் காதில் ஏறவில்லை. துண்டு மாட்ட எதிர்ச் சுவரில் ஓரமாக ஒரு கம்பி கேட்டாள். அந்தச் சுவரில் ஓட்டையே போடக் கூடாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்.

சுவரைக் கொத்த ஆரம்பித்த அன்று, அவன் வெளியே போன நேரம் பார்த்து அவள் டைல்ஸ்காரரிடம் போனாள். படம் இருக்கிற இடத்தில் மட்டும் கொத்த வேண்டாம், பசையும் தடவ வேண்டாம், ஓரத்தில் மட்டும் வைத்து ஒட்டிவிடுங்கள் என்றாள். ஏன் எதற்கு என்று குடைவார் என்று பயந்துகொண்டேதான் சொன்னாள். அவர் சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "சரிம்மா" என்றார். ஒரு கேள்வி கேட்கவில்லை.

இப்போது அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு, தன் தப்புதான், பசை குறைந்துபோயிருக்கும் என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தார். இப்படி வேலை செய்கிறவரை நம்பி அடுத்த கட்டடத்தை எப்படிக் கொடுப்பது என்று அண்ணன் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டு, கருவிப் பையிலிருந்த சுத்தியலை எடுத்தார். அவளுக்கு உயிரே போய்விட்டது.

"விடுங்க மச்சான். இருந்துட்டுப் போகட்டும்." கணவன்தான்.

"நாளைக்கு யார் தலையிலயாவது விழுந்தா என்ன பண்ணுவீங்க மாப்பிள்ளே?"

"விழாது."

சுத்தியலை அவர் கையிலிருந்து வாங்கித் திரும்பப் பைக்குள்ளேயே போட்டான். எதிலும் பட்டுக்கொள்ளாத அவன் குணம் இன்றைக்கு ஒருநாளாவது உதவியதே என்று அவள் மூச்சு விட்டாள்.

முணுமுணுத்துக்கொண்டே கிளம்பிய அண்ணனை வழியனுப்பக் கணவன் தெருவரைக்கும் போனான். டைல்ஸ்காரர் வெட்டும் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணன் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்கண்ணே. என்னாலதான் உங்களுக்குக் கெட்ட பேரு. ஆனா எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் இது தெரியவே கூடாது."

அவர் துணியைக் கீழே வைத்தார். "ரெண்டு பேரும் இதையே சொன்னா நான் என்னம்மா பண்ணுவேன்?"

"ரெண்டு பேரா?"

"நீங்க சொல்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே அவர் வந்து சொல்லிட்டாரும்மா. பாத்துக்கிட்டு இருக்கவும் முடியல, அழிக்கவும் மனசு வரலன்னு அழுதாரு. சின்ன டைல்ஸுன்னா படத்து மேலேயே பசை வைக்கணும், மூணு பேர் மேலயும் பசை படாம ஓரத்துலயே டைல்ஸ் நிக்கணும்னா எவ்வளவு பெருசு வேணும்னு கேட்டு, படத்தை அளந்துக்கிட்டுப் போய்த்தான் அந்த டைல்ஸை வாங்கினாரு."