டீச்சரின் குதிகால்

"ஷூவுக்குள்ள வைக்கிற இன்சோல் ரெண்டு ஜோடி செஞ்சு பார்த்தாச்சு சார். குதிகால் வலி போகல. இதுவும் சரிப்படலைன்னா வேலையை விட்டுடுவேன்" என்றாள் கணக்கு டீச்சர்.

இன்சோல் செய்பவர் அவளை வெறுங்காலோடு ஒரு விரிப்பின் மேல் நிற்கவைத்தார். "கணக்குதானே? உக்காந்துகிட்டே நடத்தலாமே!"

"கணக்குதானேவா? நாற்பது பசங்க முன்னாடி நின்னு பாருங்க, தெரியும்!" என்று பொரிந்து தள்ளினாள். "வாயடிச்சது போதும். அளவெடுங்க!"

"எடுத்தாச்சும்மா." கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். விரிப்பு பாரத்தை அளந்து அனுப்பிய படத்தில், பாரம் அதிகம் விழும் வலது குதிகால் மட்டும் செக்கச்செவேலென்று இருந்தது. "அளவுன்னு சொன்னா எல்லாரும் போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிப்பாங்க. நீங்க வகுப்புல நிக்கிற மாதிரி நிக்கணுமே, அதான் வம்புக்கு இழுத்தேன். பாரம் பாதம் முழுக்கப் பரவுற மாதிரி செஞ்சுடலாம்."

"எமகாதகர் சார் நீங்க!"

அடுத்த மாதம் ஒருநாள், மணியடித்தது கூடத் தெரியாமல் நின்றபடியே பாடம் நடத்திக்கொண்டிருந்தாள் டீச்சர்.