அடைப்பு எங்கே?

"அண்ணாச்சி, உங்க கம்ப்யூட்டரைத் தூக்கிட்டுப் போய் ஐந்தருவியில போடுங்க! ஒரு போர்டு டிசைனுக்கு எத்தனை தடவைதான் அலைய?"

குற்றாலத்தில் லாட்ஜ் மேனேஜராக இருக்கும் காந்திமதிநாதன், தென்காசி பிளக்ஸ் கடைக்குள் நுழையும்போதே சத்தம் போட்டார். சாரல் தொடங்கிவிட்டது. லாட்ஜுக்குச் சீசன் போர்டு இன்னும் வந்தபாடில்லை.

கடைக்காரர் நமசிவாயம் அசரவில்லை.

"பெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டிருக்கேம்லா. இனிமே சரியாயிரும்."

"போன மாசமும் இதத்தான் சொன்னிய. உங்க டிசைனர் ரெபேக்காள் பாவம், போன் பண்ணும்போதெல்லாம் 'சிஸ்டம் சுத்துது சார்'ங்கா. அதான் எங்க லாட்ஜு கம்ப்யூட்டர் மெக்கானிக்கையே கூட்டிட்டு வந்துட்டேன்."

ரெபேக்காள் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தாள். மெக்கானிக் கோமதிசங்கர் தடுப்புக்குப் பின்னால் இருந்த அவள் நாற்காலியில் உட்கார்ந்து கீபோர்டில் ரெண்டு தட்டு தட்டினான். சிரித்துவிட்டான்.

"அண்ணாச்சி, நீங்க போட்ட கார்டு சும்மா தூங்குது. பிராசஸரும் சும்மாதான் இருக்கு. பழைய ஹார்டு டிஸ்க்குதான் நூறு சதவீதத்துல கிடந்து முக்குது. அருவியில எவ்வளவு தண்ணி கொட்டி என்ன, ஆளை உள்ள விடுத வழி ஒத்தையா இருந்தா வரிசை நகருமா? அதை எடுத்துட்டு எஸ்.எஸ்.டி.ன்னு வேகமான புது டிஸ்க்கு ஒண்ணு போட்டா பறக்கும்."

"வேண்டாம்பா."

"லாட்ஜுல ஒண்ணு சும்மா கிடந்துச்சு, கொண்டாந்திருக்கோம். ஓசிதான்" என்றார் காந்திமதிநாதன்.

"ஓசின்னாலும் வேண்டாம். அது பாட்டுக்கு ஓடுது, ஓடட்டும்."

இப்படியும் ஒரு பிடிவாதமா!

அந்த நேரம் பார்த்து நமசிவாயத்துக்குப் போன் வந்தது. குத்துக்கல்வலசையில் கட்டியிருந்த பிளக்ஸ் காற்றில் கிழிந்துவிட்டதாம்.

"கடையைச் செத்த நேரம் பாத்துக்கிடுங்க, வந்திருதேன்."

வண்டிச் சத்தம் மறைந்ததும் காந்திமதிநாதன் கண்ணடித்தார்.

"மாத்துலே. மனுசன் வந்து பாத்துட்டு அசந்து போகட்டும்."

பழைய டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் புதியதில் ஏற்றி, கோமதிசங்கர் மாட்டி முடிக்கவும் ரெபேக்காள் வரவும் சரியாக இருந்தது. பட்டனைத் தட்டினான். அவள் உட்காருவதற்குள் திரை தயாராக வந்து நின்றது.

"பாத்தியாம்மா! இனி என் போர்டு அரை மணி நேரத்துல வந்திரும்லா?"

ரெபேக்காள் தன் வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கிறிஸ்துமஸ் சமயத்தில் வாதம் வந்து விழுந்த கை. தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் வேலை செய்வதைக் காந்திமதிநாதன் இதுவரை பார்த்ததில்லை.

இடது கையால் மவுசைப் பிடித்தாள். அம்புக்குறி எழுத்தைத் தாண்டிப் போனது. திரும்பி வந்தது. மறுபடியும் தாண்டியது.

மெஷின் அவளுக்காகக் காத்திருந்தது.

திரையில் எதுவும் சுத்தவில்லை. சொல்ல ஒரு சாக்கு இல்லாமல் அவளுக்குக் கழுத்தெல்லாம் வியர்த்தது.

வாசலில் வந்து நின்ற நமசிவாயத்துக்கு ஒரே பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது.

"என்னம்மா, சிஸ்டம் திரும்பவும் சுத்துதா?"

"இல்லண்ணாச்சி, இப்பதான் அது..." என்று ஆரம்பித்த கோமதிசங்கர், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான்.

மெஷின் எங்கே அடைக்கிறது என்று இந்த மனுசனுக்கு எப்போதோ தெரியும். தெரிந்தேதான் அங்கே கை வைக்காமல், உதவாத கார்டு ஒன்றை வாங்கி மாட்டி ஊருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

கோமதிசங்கர் மெஷினை அணைத்தான்.

"ஆமாண்ணாச்சி, நாந்தான் கெடுத்துட்டேன். இந்த டிஸ்க்கு இதுக்கு ஒத்துக்கல. பழசையே மாட்டிருதேன்."

"நல்ல மெக்கானிக்லே நீ!" காந்திமதிநாதன் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு ரெபேக்காளிடம் திரும்பினார்.

"மெஷினு இப்படி இருந்தா நீ என்னம்மா செய்வ? போர்டை மெதுவாப் போட்டு வையி. லாட்ஜு எங்கயும் ஓடிப் போயிராது."