மொட்டை வெள்ளால்

துறைமுக அதிகாரி ஒருவரின் பங்களாவில் தோட்டவேலை பார்க்கும் இன்னாசி, திருவொற்றியூரில் மகள் டோரதியின் வீட்டுக்குள் நுழைந்ததுமே நின்றுவிட்டார். போன வருடம் கல்யாணத்துக்கு அவர் வளர்த்துக் கொடுத்த வெள்ளால் செடி, தொட்டியில் வெறும் குச்சியாக நின்றது.

"இன்னா டோரதி, செடிக்கு வேளாங்கண்ணியில மொட்டை போட்டியா? தண்ணி ஊத்தறதில்லியா?"

"டெய்லி ஊத்தறேன், நைனா."

"வெய்யிலு?"

"ஜன்னலாண்டதான கீது."

இன்னாசி மண்ணைக் கிளறிப் பார்த்தார். ஈரம் இருந்தது. வேர் அழுகவில்லை, பூச்சியும் இல்லை.

"இது ரோசக்காரச் செடிம்மா. எடம் மாத்தினா எலையெல்லாம் கொட்டிடும். ஒரு தபான்னா பொறுத்துக்கினு மறுபடி துளிர்க்கும். இத எத்தினி தபா மாத்தினே? மறைக்காம சொல்லு."

டோரதி வாசலைப் பார்த்தாள். கணவன் லியோனார்ட் ஃபாக்டரியிலிருந்து வர இன்னும் நேரமிருந்தது.

"நாலு தபா. அவரு என்னை வெளிய தள்ளிக் கதவ சாத்தறப்பல்லாம் இதயும் தூக்கிக்கினு போவேன். நீ குடுத்ததாச்சே, வுட்டுட்டுப் போனா ஒடச்சிடுவாரு."

இன்னாசி கையில் ஒட்டிய மண்ணை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

"அப்பன் வூடு கல்மண்டபத்துல தானே கீது? நேரா அங்க வர்றதுக்கு இன்னா?"

டோரதி தரையில் கிடந்த இலைகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"நாலு தபாவும் அங்கதான் வந்தேன், நைனா. தங்கச்சிக்குப் பேசின எடம் தட்டிப்பூடும்னு, நீ வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள அம்மாதான் பஸ் ஏத்தி அனுப்பிடுச்சு."